அந்தக் கழுத்துக்கு மேல் உங்கள் தலையை வைக்காதீர்கள்

தாய்லாந்தின் அயுத்தயாவில், தலையில்லாத ஒரு புத்தர் சிலையின் கழுத்துக்கு மேல் தன் முகத்தை வைத்து ஒரு தம்பி எடுத்துக் குழுவில் போட்ட அந்தப் படத்தை இங்கே மறுபடி போட மாட்டேன். நான்கு நாட்களாக எல்லோரும் பார்த்தாகிவிட்டது. அதன் கீழே நான் எழுதியதையும், அதற்கு வந்த பதில்களையும், யாரோ அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மற்ற குழுக்களில் சுற்ற விட்டதையும் பார்த்திருப்பீர்கள். "இந்த ஆன்ட்டிக்கு என்னதான் பிரச்சினை" என்று கேட்டவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

நான் எழுதியது இவ்வளவுதான்: "தம்பி, அந்தச் சிலையை அங்கே இன்னும் கும்பிடுகிறார்கள். படத்தை நீக்கிவிடுங்கள்." இதில் எந்தச் சொல் உங்களைச் சுட்டது? தம்பி என்றுதான் கூப்பிட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். அதற்கு முந்நூற்றுச் சொச்சம் பேர் வந்து சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டுப் போனார்கள். அதில் எனக்கு நேரில் தெரிந்தவர்கள் ஆறு பேர். அந்த ஆறு பேரை நினைத்துத்தான் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

நான் அந்த இடத்துக்குப் போய் வந்து இன்னும் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமை லீவு சேர்ந்து வந்ததால் நானும் தங்கையும் மூன்று நாள் அயுத்தயாவில் இருந்தோம். பாங்காக்கிலிருந்து வடக்கே 80 கிலோமீட்டர். மூன்றாம் வகுப்பு ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனோம். ஸ்டேஷனிலிருந்து பா சாக் ஆற்றைப் படகில் தாண்டினால் பழைய நகரம். மூன்று ஆறுகள் சுற்றி ஓடும் தீவு அது. 1351-இல் உருவாகி, 416 வருடம் சயாமின், அதாவது பழைய தாய்லாந்தின், தலைநகராக இருந்த ஊர். பெயரே நம் அயோத்திதான்.

1767 ஏப்ரலில் பர்மியப் படை, ஒரு வருடத்துக்கு மேல் முற்றுகையிட்டு, அந்த ஊரைப் பிடித்து எரித்தது. வாட் பிரா சி சன்பேத் (வாட் என்றால் அங்கே கோவில்) அரண்மனைக்குள்ளேயே இருந்த அரசக் கோவில். அங்கே பொன் தகடு போர்த்திய பெரிய புத்தர் நின்றிருந்தார். பொன்னுக்காகத் தீ வைத்து உருக்கினார்கள். இன்று அங்கே மூன்று கூம்புத் தூபிகள்தான் வரிசையாக நிற்கின்றன. காலையில் போனால் வெயில் ஏறும் முன் அந்தச் செங்கல் நிறம் மாறுவதைப் பார்க்கலாம். நாங்கள் வெகு நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

சரி, பர்மியர்கள் மட்டுமா? பிறகு வந்தவர்கள் அதைவிட மோசம். சிலைகளுக்குள் தங்கம் இருக்கும் என்று உடைத்தவர்கள் ஒரு பக்கம், தலையை மட்டும் அறுத்து எடுத்துப் பழம்பொருள் சந்தையில் விற்றவர்கள் இன்னொரு பக்கம். முழுச் சிலையைத் தூக்கிக்கொண்டு போவது கஷ்டம். தலை என்றால் ஒரு பெட்டிக்குள் வைத்துக் கப்பலேற்றிவிடலாம். அந்தத் தலைகள் எங்கெங்கோ கண்ணாடிப் பெட்டிகளிலும் பணக்காரர் வீட்டு வரவேற்பறைகளிலும் இருக்கின்றன. உடல்கள் அங்கேயே உட்கார்ந்திருக்கின்றன.

அந்தப் படம் எடுத்த வாட் சாய்வத்தனாராம் 1630-இல் அரசர் பிராசாத் தோங் கட்டியது. சாவ் பிரயா ஆற்றங்கரையில், நடுவில் 35 மீட்டர் கோபுரம். சுற்றுப் பிராகாரத்தில் 120 புத்தர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இப்போதும் அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறார்கள், ஏறக்குறைய யாருக்கும் தலை இல்லை. மடியில் கை மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த வரிசையில் ஒன்றின் பின்னால் ஏறி நின்று, வெட்டுப்பட்ட கழுத்துக்கு மேல் தன் முகத்தை வைத்து, நாக்கை நீட்டி, "ஞானம் வந்துருச்சு" என்று எழுதியிருக்கிறார் அந்தத் தம்பி.

அங்கே இன்னும் கும்பிடுகிறார்கள். திரும்பத் திரும்ப இதைத்தான் சொல்கிறேன். வேறு ஒன்றும் சொல்ல வரவில்லை.

வாட் மகாதாத்தில் மர வேர்களுக்குள் சிக்கிய புத்தர் தலை இருக்கிறதே, எல்லோரும் படம் எடுப்பது, அதன் முன்னால் காவலாளி ஒருவர் இருப்பார். படம் எடுக்கிறவர்கள் அந்தத் தலையைவிடத் தாழ்வாக மண்டியிட்டோ குந்தியோ இருக்க வேண்டும். தலைக்கு மேல் தலை போகக் கூடாது. நின்றால் கையைக் காட்டி உட்காரச் சொல்வார். திருட வந்தவன் பாரம் தாங்காமல் போட்டுவிட்டுப் போன தலை, அதைச் சுற்றி மரம் வளர்ந்தது என்று ஒரு கதை சொல்கிறார்கள். எப்படியோ, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் இருக்கும் ஒரு கல் முகத்துக்கு முன்னால் உலகம் முழுவதிலிருந்தும் வந்தவர்கள் குனிகிறார்கள்.

அதே கோவிலின் பின்பக்கம் கூட்டம் இல்லை. அங்கே தலையும் இல்லாத, ஒரு கையும் இல்லாத ஒரு புத்தருக்கு மஞ்சள் துணி சாத்தியிருந்தார்கள். வயதான ஒரு அம்மா செருப்பைத் தள்ளிக் கழற்றி வைத்துவிட்டு, தாமரை மொட்டுகளை மடியில் வைத்து, தரையில் நெற்றி படும்படி மூன்று முறை வணங்கினார். எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார். மீதியிருந்த ஒரு மொட்டைத் தங்கையிடம் கொடுத்தார். மொழி தெரியாது. வைத்துவிட்டு வா என்று கையால் காட்டினார். தங்கை வைத்தாள். அந்த அம்மாவுக்கு அது உடைந்த சிலையா, கோவில் சிலையா என்று நீங்களே சொல்லுங்கள்.

"நீங்கள் என்ன பௌத்தரா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. சைவக் குடும்பம். தினமும் விபூதி வைக்கிறவள். அதனால்தான் எனக்குக் கூடுதலாக வலிக்கிறது.

எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது எங்கள் ஊர்ச் சிவன் கோவிலில் அம்மன் செப்புத் திருமேனி களவு போனது. காலையில் நடை திறக்கப் போன குருக்கள் ஓடி வந்தார். அன்று எங்கள் தெருவில் யார் வீட்டிலும் அடுப்பு பற்றவைக்கவில்லை. சாவு வீட்டில் இருக்கிற மாதிரி திண்ணைகளில் உட்கார்ந்திருந்தார்கள். பீடம் மட்டும் இருந்தது. அப்பாயி பல வருடம் அந்த வெறும் பீடத்துக்கு வெள்ளிக்கிழமை பூ வைத்தாள். "அவ எங்க இருந்தாலும் அவளுக்குத் தெரியும்" என்பாள். அப்பாயி போன பிறகும் அம்மன் திரும்பவில்லை. இன்றைக்கும் ஏதாவது வெளிநாட்டு அருங்காட்சியகத்தின் படம் வந்தால் நான் முகத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன்.

அந்தப் பீடத்தில் ஏறி நின்று, அம்மன் மாதிரி கையை வைத்துக்கொண்டு ஒரு வெளிநாட்டுப் பையன் நாக்கை நீட்டிப் படம் போட்டிருந்தால் நீங்கள் சிரிப்புப் பொம்மை போட்டிருப்பீர்களா? ஸ்ரீபுரந்தான் நடராஜர் நினைவிருக்கிறதா? அரியலூர் பக்கத்துக் கோவிலிலிருந்து திருடி ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்துக்கு விற்றார்கள். 2014-இல் திரும்பி வந்தார். அன்று நம் பக்கங்களில் எத்தனை பேர் கண் கலங்கி எழுதினோம். அந்த நடராஜர் போன பிறகு வெறுமையாய் நின்ற கருவறையும் இந்தத் தலையில்லாத உடலும் எனக்கு ஒன்றுதான்.

அடுத்த வாதம், "புத்தரே உருவ வழிபாடு வேண்டாம் என்றவர், அவர் இதைப் பார்த்தால் சிரித்திருப்பார்." இதை நான்கு பேர் எழுதியிருந்தார்கள், நான்கு பேருமே படித்தவர்கள். எனக்குப் பௌத்தத் தத்துவம் நிறையத் தெரியாது, மணிமேகலை படித்த அளவுதான். ஆனால் புத்தர் என்ன நினைப்பார் என்ற கேள்வியை நான் கேட்கவில்லை. நான் கேட்பது தாமரை வைத்த அந்த அம்மா என்ன நினைப்பார் என்பது. அவர் தன் பேரனின் போனில் இந்தப் படத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார்? புத்தருக்கு வலிக்காது, ஒப்புக்கொள்கிறேன். கும்பிடுகிறவர்களுக்கு வலிக்கும்.

"தாய்லாந்துக்காரர்களே அங்கே பட்டுடை வாடகைக்கு எடுத்து விதவிதமாகப் படம் எடுக்கிறார்களே?" எடுக்கிறார்கள். நானும் பார்த்தேன். அழகாக இருந்தது. அவர்கள் யாரும் சிலையின் மேல் ஏறவில்லை. ஏறாதே என்று படம் வரைந்த பலகையே அங்கே இருக்கிறது. இதற்கு மேல் இந்த வாதத்துக்குப் பதில் தேவையில்லை.

"சின்னப் பையன், விளையாட்டாகச் செய்தது, பெரிதுபடுத்தாதீர்கள்." பெரிதுபடுத்தியது நானா? இரண்டு வரி எழுதினேன். அவர் நீக்கியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். அப்புறம், சின்னப் பையன் என்று சொல்லாதீர்கள். குழு வைத்து, ஆட்களைச் சேர்த்து, மற்றவர்களுக்கு எங்கே போவது என்று வழி சொல்கிறவர். அவரைப் பார்த்து அடுத்த விடுமுறைக்கு இருபது பேர் அதே கழுத்தின் பின்னால் போய் நிற்பார்கள்.

சின்னப் பிள்ளைகள் என்றால் இதையும் கேளுங்கள். 1957-இல் வாட் ராட்சபுரானாவின் கோபுரத்துக்கு அடியில் இருந்த நிலவறையைத் திருடர்கள் உடைத்தார்கள். அண்ணன்மார் இருவர் அரியணைக்காக யானை மேல் சண்டையிட்டு ஒருவரையொருவர் கொன்றுகொண்டார்கள்; அவர்களை எரித்த இடத்தில், உயிரோடு மிஞ்சி அரசனான தம்பி 1424-இல் கட்டிய கோவில் அது. உள்ளே பொன்வாளும் பொற்கிரீடங்களும். திருடர்களில் சிலர் பிடிபட்டார்கள், போனதில் ஒரு பகுதிதான் கிடைத்தது. கிடைத்ததும், பிறகு தோண்டி எடுத்ததும் சாவ் சாம் பிரயா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்த அறைக்குள் பள்ளிப் பிள்ளைகள் சத்தமே இல்லாமல் வரிசையில் போவதைப் பார்த்தேன். ஆசிரியர் அதட்டவில்லை. பிள்ளைகளே அப்படிப் போனார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பக்கத்தில் மோங்கோன் போபித் என்ற பெரிய வெண்கலப் புத்தர் இருக்கிறார். 1767-க்குப் பிறகு கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் கிடந்தவர். 1950-களில் அந்த மண்டபத்தை மறுபடி எழுப்பியபோது பர்மாவின் பிரதமரே வந்து நன்கொடை கொடுத்துவிட்டுப் போனார். எரித்தவர்களின் நாடே ஏறக்குறைய இருநூறு வருடம் கழித்து வந்து கூரைக்குக் காசு கொடுத்திருக்கிறது. உங்களால் ஒரு படத்தை நீக்க முடியாதா?

இப்போது வலித்த கேள்விக்கு வருகிறேன். "நம் ஊரில் புத்தர் தலைகளை வெட்டியவர்கள் யார், அதைப் பற்றி என்றாவது எழுதினீர்களா?" நியாயமான கேள்வி. எழுதவில்லை. சேலம் பெரியேரியில் ஒரு சிலையைத் தலைவெட்டி முனியப்பன் என்று தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டு வந்தார்கள். வெட்டுப்பட்ட தலையைச் சிமென்டால் ஒட்டி வைத்திருந்தார்கள். அது புத்தர்தான் என்று தொல்லியல் துறை ஆராய்ந்து சொல்ல, 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றுத் தீர்ப்புச் சொன்னது. பெயரிலேயே தலைவெட்டி என்று இருந்திருக்கிறது, நாம் கேட்டுக்கொண்டே கடந்து போயிருக்கிறோம். நானும்தான். என் வீட்டிலேயே டிவிக்குப் பக்கத்தில் ஒரு புத்தர் தலை இருந்தது, அலங்காரத்துக்கு வாங்கியது. வெறும் தலை. அயுத்தயாவிலிருந்து வந்த அன்று ராத்திரி அதைப் பார்க்க முடியவில்லை. ஒரு துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆனால் நான் முன்பு எழுதவில்லை என்பதற்காக இப்போதும் எழுதக் கூடாதா?

கடைசி நாள் சாயங்காலம் வாட் பனன் சோங் போனோம். அயுத்தயா நகரத்துக்கே முன்னால், 1324-இல் அமைத்த 19 மீட்டர் புத்தர். நகரம் விழப்போகும் நேரத்தில் அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது என்று அங்கே நம்புகிறார்கள். பக்தர்கள் காவித் துணி வாங்கிக் கொடுக்கிறார்கள். சிலையின் மடியில் நிற்கிறவர்கள் அதை மேலே இழுத்துத் தோளில் சாத்துகிறார்கள். பழைய துணி கீழே விரிந்து, உட்கார்ந்திருக்கும் எல்லோர் தலைமேலும் கூடாரம் மாதிரி இறங்குகிறது. எங்கள் மேலும் இறங்கியது. உள்ளே ஒரே காவி வெளிச்சம். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கை கூப்பியிருந்தார்கள். நாங்கள் யார், எந்த மதம் என்று யாரும் கேட்கவில்லை. தங்கை அழுதுவிட்டாள்.

அந்த ஊர்க்காரர்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம், தம்பி. நம் திருவெம்பாவை கடல் கடந்து போய் அந்த நாட்டு அரண்மனைச் சடங்கில் திரியம்பாவாய் என்று பெயராகி இத்தனை நூற்றாண்டு நிலைத்திருக்கிறது. நம்முடையதை அவர்கள் அப்படிக் காப்பாற்றினார்கள்.

குழுவிலிருந்து நேற்று இரவு நானே வெளியே வந்துவிட்டேன். யாரும் நீக்கவில்லை, வதந்தி வேண்டாம். அந்த ஆறு பேரில் ஒருத்தி இன்று காலை போன் செய்தாள். படத்தைச் சரியாகப் பார்க்காமல் சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டேன் அக்கா என்றாள். பரவாயில்லை என்றேன். மற்ற ஐந்து பேரும் பேசவில்லை. படம் இப்போதும் அங்கேதான் இருக்கிறது, சற்று முன்புதான் பார்த்தேன்.

என் அயுத்தயா படங்களைக் கேட்டிருந்தவர்களுக்கு நாளைக்குப் போடுகிறேன். வேருக்குள் இருக்கும் தலைக்கு முன்னால் நான் மண்டியிட்டிருக்கும் படம் ஒன்று இருக்கிறது, தங்கை எடுத்தது. முட்டியில் மண் ஒட்டியிருக்கிறது. அதை முதலில் போடுவேன்.