தகுதி இருந்தது, கேட்கும் உரிமை இல்லை

பிரிட்டனின் ஃபர்லோ திட்டத்தை யாராவது புகழ்ந்தால் நான் மறுத்துப் பேசுவதில்லை. 2020 மார்ச் 20 அன்று, அப்போது நிதியமைச்சராக இருந்த ரிஷி சுனக் அதை அறிவித்தார். கொரோனாவால் வேலை நின்றுபோனவர்களின் சம்பளத்தில் 80 சதவீதத்தை, மாதம் 2,500 பவுண்டு வரை, அரசே தரும் என்றார். 2021 செப்டம்பர் கடைசி வரை அது ஓடியது. மொத்தம் 1.17 கோடி வேலைகள் அதன் கீழ் வந்தன. செலவு ஏறக்குறைய 7,000 கோடி பவுண்டு. பல லட்சம் வீடுகளில் அடுப்பு எரிந்தது அதனால்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. படித்துக்கொண்டே கேஷுவல் வேலை பார்த்த மாணவர்களுக்கு அந்தத் திட்டத்தில் இடம் இருந்தது. விதியில் தெளிவாக எழுதியிருந்தது. ஆனாலும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரு பவுண்டுகூடக் கிடைக்கவில்லை. அந்த ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருத்தன். இப்போது பிரிட்டனின் கோவிட் விசாரணை ஆணையம் அன்றைய பொருளாதார நடவடிக்கைகளுக்கென்றே தனிப் பிரிவு வைத்து ஆராய்கிறது. இந்த நேரத்திலாவது இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

கேஷுவல் என்றால் என்ன என்று ஊரில் இருக்கும் நண்பர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு பல்கலைக்கழகத்துக்குள் போய்ப் பாருங்கள். மாநாட்டுக்குச் சாப்பாடு பரிமாறுகிறவர், விளையாட்டு அரங்கின் வரவேற்பில் உட்காருகிறவர், புதிதாகச் சேர வரும் பிள்ளைகளுக்கு வளாகத்தைச் சுற்றிக் காட்டுகிறவர், நூலகத்தில் இரவு நேரம் இருக்கிறவர், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்காக வகுப்பில் குறிப்பு எடுக்கிறவர் எல்லாரும் பெரும்பாலும் மாணவர்கள்தான். ஒப்பந்தத்தில் இத்தனை மணி நேரம் என்று எதுவும் இருக்காது. வேலை தர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை, வர வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை என்று ஒரு வரி இருக்கும். நடைமுறையில் வாராவாரம் ஷிஃப்ட் பட்டியல் வரும், நாமும் வாராவாரம் போவோம். இரண்டு முறை வர முடியாது என்று சொன்னால் மூன்றாம் முறை பட்டியலில் பெயர் இருக்காது. வெளிநாட்டு மாணவர் என்றால் படிப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. சுயதொழிலும் செய்யக் கூடாது. ஆகவே எங்களுக்கு மிஞ்சியது இந்த மாதிரி வேலைகள்தான்.

நான் முதுகலை படித்த பல்கலைக்கழகத்தின் கேட்டரிங் பிரிவில் இருந்தேன். கல்விக் கடன் ஃபீஸுக்கே சரியாகப் போய்விட்டது. வாடகையும் சாப்பாடும் அந்தச் சமையலறைச் சம்பளத்தில்தான். மார்ச் நடுவிலேயே மாநாடுகள் ஒவ்வொன்றாக ரத்தாகின. 23ஆம் தேதி ஊரடங்கு அறிவித்தபோது எங்கள் ஷிஃப்ட் பட்டியல் ஏற்கெனவே காலி. யாரும் எங்களை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் அதற்கு ஒரு கடிதமாவது தர வேண்டும். பட்டியல் போடுவதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அதே சமையலறையில் நிரந்தர வேலையில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருந்தார். ஏப்ரலில் ஒரு நாள் போன் செய்து, "தம்பி, எனக்கு ஃபர்லோ கடிதம் வந்திட்டுது. உங்களுக்கும் வந்ததோ?" என்று கேட்டார். "இல்லையே அக்கா" என்றேன். "ரெண்டு பேரும் ஒரே ட்ரேயைத்தானே தூக்கினம், உங்களுக்கு மட்டும் ஏன் இல்லையாம்?" என்றார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

என் சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். மேலே தேசியக் காப்பீட்டு எண். பக்கத்தில் 1250எல் என்ற வரிக் குறியீடு. பார்த்த மணி நேரம், மணிக்கு இவ்வளவு என்று ஒரு வரி. அதன் கீழே விடுமுறை ஊதியம் 12.07 சதவீதம் என்று இன்னொரு வரி. நிரந்தர ஊழியர்போல விடுப்பு எடுக்க முடியாததால் அதைப் பணமாகச் சேர்த்துத் தருவார்கள். அதாவது, விடுப்புக்குத் தகுதி உள்ள தொழிலாளி என்று அந்த நிறுவனமே மாதாமாதம் அச்சடித்துக் கொடுத்திருக்கிறது. மாதாமாதம் வரித்துறைக்கும் அந்த விவரம் போயிருக்கிறது.

விதி கேட்டது அதை மட்டும்தான். முதலில், பிப்ரவரி 28 அன்று சம்பளப் பட்டியலில் இருந்திருக்க வேண்டும் என்றார்கள். ஏப்ரல் 15 அன்று அதை மார்ச் 19 என்று தள்ளி வைத்தார்கள். நிலையான மணி நேரம் இல்லாத ஜீரோ அவர் ஒப்பந்தக்காரர்களும் ஏஜென்சி ஆட்களும் உண்டு என்று வழிகாட்டுதலில் வெளிப்படையாகவே போட்டிருந்தது. வாரத்துக்கு வாரம் சம்பளம் மாறுகிறவர்களுக்கு எப்படிக் கணக்குப் போடுவது என்றும் சொல்லியிருந்தார்கள். போன வருடம் அதே மாதத்தில் வாங்கிய சம்பளம், அல்லது 2019-20 வரி ஆண்டின் மாதச் சராசரி, இரண்டில் எது அதிகமோ அதில் 80 சதவீதம். மாதம் சராசரியாக 500 பவுண்டு ஈட்டிய மாணவருக்கு 400. பிப்ரவரிக்குப் பிறகு வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டு ஃபர்லோவில் போடலாம் என்றுகூட அனுமதி இருந்தது. விசாவில் இருப்பவர்களுக்கு அரசின் பொது நிதி உதவிகள் கிடையாது என்பது தெரிந்த விஷயம். ஃபர்லோ அந்த வகையில் சேராது என்றும் தெளிவுபடுத்தியிருந்தார்கள். இதைவிட ஒரு மாணவனுக்கு என்ன எழுதித் தர முடியும்?

எல்லாவற்றையும் எடுத்துக்காட்டி நாங்கள் சிலர் சேர்ந்து மின்னஞ்சல் அனுப்பினோம். கேஷுவல் ஊழியர்களுக்கு மணி நேர உத்தரவாதம் இல்லை, ஆகவே ஃபர்லோ பொருந்தாது, நிதிக் கஷ்டம் இருந்தால் மாணவர் நல நிதிக்கு விண்ணப்பிக்கலாம் என்று பதில் வந்தது. அந்த நல நிதிப் படிவத்தை இன்னும் மறக்க முடியவில்லை. சில மாத வங்கிக் கணக்கை வரி வரியாகக் காட்ட வேண்டும். ஏன் கஷ்டம் என்று கட்டுரை எழுத வேண்டும். வேலை செய்த இடத்தில் சேர வேண்டிய பணத்தைக் கேட்டுப் போனவர்களை, கை நீட்டுகிறவர்களாக நிறுத்திவிட்டார்கள். அந்தப் பதிலில் எனக்கு மிகவும் வலித்தது இதுதான்.

சரி, விதி இவ்வளவு தெளிவாக இருக்கும்போது ஏன் மறுக்க முடிந்தது? ஏனென்றால் ஃபர்லோ கொடுப்பதா வேண்டாமா என்பது முழுக்க முதலாளியின் விருப்பம். ஏப்ரல் 20 அன்று வரித்துறையின் இணையதளம் திறந்தபோது அதில் நுழையக்கூடியவர் முதலாளி மட்டும்தான். தொழிலாளி போய் "நான் தகுதியானவன், என் முதலாளி கேட்க மறுக்கிறார்" என்று சொல்ல ஒரு கதவும் வைக்கவில்லை. மேல்முறையீடு கிடையாது. இத்தனைக்கும் அந்த ஜூலை முடியும்வரை முதலாளியின் பையிலிருந்து ஒரு பென்னிகூடப் போக வேண்டியதில்லை. 80 சதவீதச் சம்பளத்தோடு அதற்கான தேசியக் காப்பீடு, ஓய்வூதியப் பங்கு எல்லாம் அரசு கொடுத்தது. கணக்குப் போட்டுப் படிவம் நிரப்ப வேண்டியதுதான் அவர்கள் வேலை. மாறி மாறி வரும் மணி நேரங்களுக்குக் கணக்குப் போடுவது சலிப்பான வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். சலிப்புக்காக ஒருவரின் வாடகையை நிறுத்தலாமா?

பல்கலைக்கழகங்கள் இன்னொரு காரணமும் சொல்லின. ஊழியர் சம்பளத்துக்கென்று அரசுப் பணம் வாங்கும் அமைப்புகள் அந்தப் பணத்திலிருந்தே சம்பளத்தைத் தொடர வேண்டும், ஃபர்லோவுக்கு வரக் கூடாது என்று வழிகாட்டுதல் இருந்தது உண்மைதான். ஆனால் கேட்டரிங், மாநாடு, தங்கும் விடுதி போன்ற வணிக வருமானப் பிரிவுகள் ஃபர்லோ கேட்கலாம் என்றும் கூடவே சொல்லியிருந்தார்கள். எங்கள் நிரந்தர ஊழியர்களுக்குக் கிடைத்தது அந்த வழியில்தான். நிதானமாக யோசித்துப் பாருங்கள். அரசுப் பணத்தில் ஓடும் பிரிவு என்றால் சம்பளம் தொடர வேண்டும். வணிகப் பிரிவு என்றால் ஃபர்லோ வர வேண்டும். இரண்டில் எந்தப் பக்கம் வைத்தாலும் எங்களுக்கு ஏதாவது வந்திருக்க வேண்டும். எங்களுக்குச் சம்பளமும் வரவில்லை, ஃபர்லோவும் வரவில்லை. கேஷுவல் மாணவர்களையும் கணக்கில் சேர்த்த பல்கலைக்கழகங்களும் இருந்தன. ஒரே நாடு, ஒரே விதி. எந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தோம் என்பதைப் பொறுத்துப் பணம் வந்தது, வராமல் போனது.

நேரடியாகக் கொடுக்க அரசுக்கு வழி தெரியாது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். சுயதொழில் செய்பவர்களுக்கு அதே வரித்துறை என்ன செய்தது? தன்னிடம் இருந்த வரிக் கணக்கை வைத்து யார் யார் தகுதியானவர்கள் என்று தானே கண்டுபிடித்து, தானே தகவல் அனுப்பியது. மே 13 முதல் விண்ணப்பம் வாங்கி, அவரவர் வங்கிக் கணக்கிலேயே பணம் போட்டது. எங்கள் சம்பள விவரமும் மாதாமாதம் அதே துறைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

பக்கத்து நாடான அயர்லாந்தைப் பாருங்கள். கொரோனாவால் வேலை போனவர்களுக்கு வாரம் 350 யூரோ என்று ஒரு தொகை வைத்தார்கள். பகுதி நேர வேலையை இழந்த மாணவர்களும் விண்ணப்பிக்கலாம், வெளிநாட்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். முதலாளியின் சம்மதம் தேவையில்லை. பின்னால் சம்பாதித்த அளவுக்கேற்பத் தொகையைக் குறைத்தார்கள், அது நியாயம்தான். ஆஸ்திரேலியா இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. ஜாப்கீப்பர் என்ற அவர்களுடைய சம்பள உதவித் திட்டத்தில் கேஷுவல் ஊழியர் என்றால் ஒரே இடத்தில் 12 மாதம் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குக் கிடையவே கிடையாது. பிரதமர் ஸ்காட் மாரிசன் அவர்களை ஊருக்குத் திரும்பச் சொன்னார். கொடுமைதான். ஆனால் இல்லை என்பதை முகத்துக்கு நேரே சொன்னார்கள். பிரிட்டனில் உண்டு என்று எழுதிவைத்துவிட்டு, சாவியை மட்டும் இன்னொருவர் கையில் கொடுத்தார்கள்.

"அப்படிக் கஷ்டமென்றால் ஊருக்குத் திரும்பியிருக்கலாமே" என்று அப்போது எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். எப்படித் திரும்புவது? இந்தியாவுக்கு வரும் சர்வதேச விமானங்கள் மார்ச்சிலேயே நின்றுவிட்டன. வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவர இந்திய அரசு விட்ட வந்தே பாரத் விமானங்கள் மே 7 அன்றுதான் தொடங்கின. அதற்கும் டிக்கெட் காசு நாம்தான் கொடுக்க வேண்டும். சம்பளமே நின்றவன் எங்கே போவான்? இன்னொரு கேள்வி, "விசா வாங்கும்போதே செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்டினீர்களே" என்பது. காட்டினோம். லண்டன் என்றால் மாதம் 1,265 பவுண்டு வீதம், மற்ற ஊர் என்றால் 1,015 வீதம், அதிகபட்சம் ஒன்பது மாதத்துக்கு. ஒரு வருட முதுகலைக்கு ஒன்பது மாதக் கணக்கு. மீதி மாதங்களை வேலை செய்து சமாளிக்கலாம் என்றுதான் ஒவ்வொரு குடும்பமும் திட்டம் போடுகிறது. அந்த உழைப்பை வாங்கிக்கொள்ளும்போது யாரும் நம் வங்கிக் கணக்கைப் பார்க்கவில்லை.

பிரிட்டிஷ் மாணவர்களுக்கும் இதே நிலைமைதான் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். முழுநேர மாணவர் என்றால் சில விதிவிலக்குகள் தவிர, வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் யுனிவர்சல் கிரெடிட் உதவித்தொகை கிடைக்காது. மதுக்கடையிலும் ஹோட்டலிலும் வேலை செய்து வாடகை கட்டிய பிள்ளைகள் அவர்கள். எங்களோடு மின்னஞ்சலில் கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் இங்கிலாந்துப் பிள்ளைகள்தான். போய் விழுவதற்கு ஒரு வீடாவது அவர்களில் பலருக்கு இருந்தது. எங்களுக்கு அதுவும் இல்லை. லண்டனின் ஈஸ்ட் ஹாம் பக்கத்தில் தொண்டு அமைப்புகள் கொடுத்த அரிசி, பருப்புக்காக இந்திய மாணவர்கள் நீண்ட வரிசையில் நின்ற படங்கள் செய்திகளில் வந்தன. தமிழ்க் கடைகளும் தோசைக் கடைகளும் நிறைந்த ஏரியா அது. ஊரிலிருந்து வந்த ஒவ்வொரு பிள்ளையும் ஒருமுறையாவது சாப்பிடப் போகிற இடம்.

எங்கள் மின்னஞ்சல்களுக்கு அப்புறம் தொழிற்சங்கத்தில் கேட்டோம். பேசுகிறோம் என்றார்கள், பேசவும் செய்தார்கள். அதற்குள் ஜூன் 10 வந்துவிட்டது. ஃபர்லோவில் ஒருவரைப் புதிதாகச் சேர்க்க அதுதான் கடைசி நாள். குறைந்தது மூன்று வாரம் ஃபர்லோவில் இருந்திருக்க வேண்டும், ஜூன் 30க்குப் பிறகு புதியவர்கள் கிடையாது என்று விதியை மாற்றியிருந்தார்கள். பரிசீலிக்கிறோம் என்று இழுத்துக்கொண்டே போனால் போதும், மறுக்கக்கூட வேண்டாம் என்ற நிலைமை.

விசாரணை ஆணையத்தின் தலைவர் ஹீதர் ஹாலெட் அவர்களிடம் ஒரு பரிந்துரைதான் கேட்பேன். அடுத்த முறை இப்படி ஒரு திட்டம் வரும்போது, சம்பளப் பட்டியலில் பெயர் உள்ள எவரும் முதலாளியைத் தாண்டி நேரடியாக விண்ணப்பிக்க வழி இருக்கட்டும். முதலாளி மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரட்டும், அதை எதிர்த்துக் கேட்க ஓர் இடம் இருக்கட்டும்.

அந்த நவம்பரில் திட்டத்தை நீட்டித்தபோது புதியவர்களுக்கும் மறுபடி கதவு திறந்தது. அக்டோபர் 30 அன்று சம்பளப் பட்டியலில் இருந்திருக்க வேண்டும் என்றார்கள். எங்கள் படிப்பு முடிந்த கையோடு பெயரை நீக்கி, வேலை முடிந்தது என்று சொல்லும் பி45 படிவத்தை எல்லாருக்கும் அனுப்பியிருந்தார்கள்.