புயல் வந்தால் பழைய கலெக்டரைத் தேடுகிறோம்

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒவ்வொரு ஆண்டும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஆய்வுக் கூட்டம் நடக்கும். மணல் மூட்டை எவ்வளவு, மரம் அறுக்கும் இயந்திரம் எத்தனை, ஜேசிபி எத்தனை, படகு எத்தனை, முகாம் எத்தனை என்று துறைவாரியாக வாசிப்பார்கள். வருவாய்த்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இந்தக் கூட்டங்கள் எனக்கு மனப்பாடம். அங்கே யாரும் கேட்டு நான் பார்க்காத கேள்வி ஒன்று உண்டு. இந்த அறையில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் இதே மாவட்டத்தில் ஏற்கெனவே ஒரு புயலைச் சமாளித்தவர்கள்?

கேட்டிருந்தால் சங்கடமாகத்தான் இருந்திருக்கும். ஆட்சியர் வந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். எஸ்.பி. புதியவர். செயற்பொறியாளர் சமீபத்தில்தான் மாறுதலில் வந்திருப்பார். நாலு புயலைப் பார்த்த ஆள் யாரென்று தேடினால், கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு கடைசியில் நிற்கும் துணை வட்டாட்சியராக இருப்பார். அல்லது கூட்டத்துக்கே அழைக்கப்படாத ஒரு விஏஓவாக இருப்பார்.

பெரிய அடி விழும்போது அரசு பழைய ஆட்சியர்களைத் தேடுவது இதனால்தான். 2004 சுனாமியின்போது கடலூர் ஆட்சியராக இருந்தவர் ககன்தீப் சிங் பேடி. 2015 வெள்ளத்தில் கடலூர் மூழ்கியபோது கண்காணிப்பு அலுவலராக அவரைத்தான் மறுபடி அங்கே அனுப்பினார்கள். ஜெ. ராதாகிருஷ்ணனின் பணி வரலாறு இன்னும் வியப்பானது. 94 குழந்தைகளைப் பலிகொண்ட கும்பகோணம் பள்ளித் தீ விபத்து நடந்த 2004 ஜூலையில் அவர் தஞ்சாவூர் ஆட்சியர். அதே ஆண்டு டிசம்பரில் சுனாமி. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 6,000 பேர் இறந்துபோன நிலையில் அங்கே அனுப்பப்பட்டு, பிறகு அந்த மாவட்டத்துக்கே ஆட்சியரானார். அப்புறம் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தில் பேரிடர் தொடர்பான பணி, சுகாதாரத் துறைச் செயலாளர், கோவிட், 2023 மிக்ஜாம் புயலின்போது சென்னை மாநகராட்சி ஆணையர். ஒரு பேரிடரில் கற்றதை அடுத்ததற்கு எடுத்துச் செல்ல ஒரு மனிதருக்கு வாய்ப்புக் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம்மிடம் இல்லை.

இவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சுனாமி நடந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. பிரதமர் தலைமையில், முதல்வர் தலைமையில், ஆட்சியர் தலைமையில் என்று மூன்று அடுக்கில் ஆணையங்கள் வந்தன. தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது, நமக்குப் பக்கத்தில் அரக்கோணத்திலேயே அதன் ஒரு படைப்பிரிவு இருக்கிறது. இவ்வளவு வந்த பிறகும் தகுதியானவர் யார் என்று கேட்டால் விரல் விட்டு எண்ணும்படி சில பெயர்கள்தான் வாயில் வருகின்றன என்றால், நாம் ஆட்களை உருவாக்கவே இல்லை. தானாக உருவானவர்களைப் பயன்படுத்திக்கொண்டோம், அவ்வளவுதான்.

பேரிடர் மேலாண்மை நம்மிடம் யாருக்குமே முதல் வேலை கிடையாது, அதுதான் அடிப்படைச் சிக்கல். விஏஓவை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டா மாறுதல், வருமானச் சான்று, அடங்கல், தேர்தல் பணி, இடையில் ஏதாவது கணக்கெடுப்பு. இதற்கெல்லாம் நடுவே அக்டோபர் வந்தால் முகாம் சாவியும் அவர் கையில்தான். வட்டாட்சியர் கதையும் இதேதான். ஆட்சியர் அலுவலகத்தில் பேரிடர் மேலாண்மைக்கென்றே வட்டாட்சியர் பணியிடம் ஒன்று உண்டு. அந்த நாற்காலியை ‘டம்மி போஸ்ட்’ என்று சொல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே போட்டால் எப்போது வட்டத்துக்குத் திரும்பிப் போகலாம் என்று நாள் எண்ணுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பதவி உயர்வு முதுநிலைப் பட்டியல்படி வருகிறது. புயலை நன்றாகக் கையாண்டவருக்கும், செல்போனை அணைத்துவிட்டுப் படுத்தவருக்கும் அதில் ஒரே வரிசைதான். குடியரசு தினத்தில் ஒரு நற்சான்றிதழ் கிடைக்கலாம். அதை வைத்து அடுத்த பொறுப்பை யாரும் தருவதில்லை.

தலைமை என்றாலே நமக்கு மழைக்கோட்டு போட்டுக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நிற்கும் அதிகாரியின் புகைப்படம்தான் நினைவுக்கு வருகிறது. (அந்தப் படம் எடுக்கவே தண்ணீரில் இறங்கியவர்களும் உண்டு, அது தனிக்கதை.) என்னைக் கேட்டால், தலைமை என்பது மழை வருவதற்கு ஆறு மாதம் முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டு வைக்க வேண்டிய காரியம். எந்த முடிவை யார் எடுக்கலாம், யாரைக் கேட்காமல் எடுக்கலாம் என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும்.

2015 டிசம்பர் 1ஆம் தேதியை எடுத்துக்கொள்வோம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. அடையாற்றின் கரையில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று நமக்குத் தெரியும். இந்திய தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) அறிக்கை அதை மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்றே சொன்னது. முன்பே திறந்திருக்கலாமா, மேலிடத்து உத்தரவுக்காகக் காத்திருந்தார்களா என்ற வாதம் இன்றுவரை ஓயவில்லை. அதில் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் அப்படி ஒரு கேள்வி எழ இடம் இருந்ததே, அதுதான் என் கவலை. ஏரிக்கரையில் நிற்கும் பொறியாளருக்கு ‘இந்த அளவைத் தாண்டினால் நீயே திற, பிறகு எங்களுக்குச் சொல்’ என்று எழுதித் தந்திருந்தால், காத்திருந்தாரா இல்லையா என்ற பேச்சுக்கே வேலை இல்லை.

இதற்கு நேர் எதிரான காட்சி 2023 டிசம்பர் 17 இரவு நடந்தது. தென் மாவட்டங்களில் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றிய இரவு அது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. ரயில் மேலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. பயணிகளில் ஒரு பகுதியினரைப் பக்கத்துப் பள்ளிக்கு அனுப்பினார்கள். மீதிப் பேர் சுற்றிலும் தண்ணீர் சூழ்ந்த நிலையத்தில் மாட்டிக்கொண்டார்கள். ஊர்க்காரர்கள் சமைத்துக் கொடுத்தார்கள். மீட்புப் படை வந்து எல்லோரையும் வெளியே கொண்டுவர 19ஆம் தேதி ஆகிவிட்டது.

அந்த நிலைய மேலாளரைப் பலரும் பாராட்டினார்கள், முழுத் தகுதியான பாராட்டு. ஆனால் அவர் பின்னால் ஒரு விதிப்புத்தகமும் இருந்தது என்பதை மறந்துவிட்டோம். பாதை பாதுகாப்பாக இல்லையென்றால் வண்டியை நிறுத்து என்பது ரயில்வேயில் ஒரு சிறிய நிலையத்தின் மேலாளருக்கும் பாலபாடம். அமைச்சரே வண்டியில் இருந்தாலும் சிவப்பு சிவப்புதான். விபத்துகளிலிருந்து பாடம் கற்று, விதியாக எழுதி, தேர்வு வைத்து, மறுபடி மறுபடி பயிற்சி கொடுத்து உருவாக்கிய தலைமை அது. நம் விஏஓவிடம் அப்படி என்ன இருக்கிறது? ஆற்றங்கரைத் தெருவைக் காலி செய்யச் சொல்லும் அதிகாரம் தனக்கு எத்தனை மணி வரை, எந்த அளவு வரை இருக்கிறது என்று அவரால் ஒரு தாளைக் காட்டிச் சொல்ல முடியுமா?

நம்மிடம் தாள் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1970இல் கலிபோர்னியாவில் பெரும் காட்டுத் தீ பரவியது. பல தீயணைப்புத் துறைகள் வந்து சேர்ந்தன. ஆனால் ஒருவர் வயர்லெஸ் இன்னொருவருக்குக் கேட்கவில்லை, ஒரே பொருளுக்கு ஆளுக்கு ஒரு பெயர், யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்று தெரியவில்லை. அந்த அனுபவத்திலிருந்து அவர்கள் ஒரு கட்டளை முறையை உருவாக்கினார்கள். களத்தில் ஒரே தளபதி. அவருக்குக் கீழே செயல்பாடு, திட்டமிடல், தளவாடம் என்று பிரிவுகள். ஒருவருக்குக் கீழே மூன்று முதல் ஏழு பேர் வரைதான் நேரடியாக இருக்க வேண்டும். இதை நம் நாட்டுக்கு ஏற்றபடி மாற்றி, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010இலேயே வழிகாட்டு நெறிமுறையாக வெளியிட்டுவிட்டது. மாவட்டத்தில் ஒவ்வொரு பொறுப்புக்கும் ஆள் பெயர் போட்டுப் பட்டியலும் தயாராகத்தான் இருக்கும். புயல் வந்த அன்று அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தவர்களை நான் கண்டதில்லை. அன்று நடப்பது வாட்ஸ்அப் குழு. அதில் ஒரே ஆட்சியருக்கு நாற்பது பேர் நேரடியாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கஜா புயலைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. அதற்கு முன்பே 80,000 பேருக்கு மேல் முகாம்களுக்குக் கொண்டுவந்திருந்தோம். எச்சரிக்கை, வெளியேற்றம் இரண்டிலும் எதிர்க்கட்சிகள்கூட அரசைப் பாராட்டின. அதே அரசை அடுத்த சில நாட்களில் மக்கள் சாலையை மறித்து நிறுத்தினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் விழுந்திருந்தன. உள்கிராமங்களில் கரண்ட் இல்லை, கரண்ட் இல்லாததால் தண்ணீர் இல்லை, கூரை மேல் போட ஒரு தார்ப்பாய் இல்லை. தலைமுறையாக வளர்த்த தென்னை மொத்தமும் தரையில். முதல் 24 மணி நேரத்துக்கு நாம் ஒத்திகை பார்த்திருந்தோம். பத்தாவது நாளுக்கு யாரும் பார்த்திருக்கவில்லை. முகாம் நடத்துவதும், ஒரு மாதம் மீட்சிப் பணியை நடத்துவதும் ஒரே திறமை இல்லை. இரண்டாவது வேலைக்குப் பொறுமையும் கணக்கும் கெட்ட பேர் வாங்கும் தைரியமும் வேண்டும். வெளிமாவட்டங்களிலிருந்து வந்த மின் ஊழியர்கள் வயல்சேற்றில் கம்பம் தூக்கியதைப் பார்த்தவன் நான். அவர்களை எந்த வரிசையில், எந்த ஊருக்கு முதலில் அனுப்புவது என்று முடிவெடுத்த ஃபோர்மேன்களிடம் இருந்த தலைமைப் பண்பு எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காது. அதை யாராவது எழுதி வைத்தார்களா என்றால் இல்லை.

எழுதி வைப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. ஒவ்வொரு பேரிடருக்குப் பிறகும் நாங்கள் எழுதாத தாளே கிடையாது. விழுந்த தென்னை, செத்த மாடு, இடிந்த குடிசை, மூழ்கிய ஏக்கர். மத்தியக் குழு வரும், கோரிக்கை மனு போகும். அதெல்லாம் பணம் கேட்பதற்கான தாள், தேவையானதுதான். ஆனால் அன்றிரவு எடுத்த முடிவுகளில் எது சரி, எது தாமதம், எந்த முகாமில் கழிப்பறை இல்லாமல் பெண்கள் விடிவதற்குள் வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள், எந்தப் பாலம் முதலில் மூழ்கியது என்று ஒரு தாளும் மேலே போகாது. தப்பை ஒத்துக்கொண்டால் மெமோ வரும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. மெமோ வராது என்ற உறுதியோடு உட்கார்ந்து பேச வைக்காத வரை, அடுத்து வரும் அதிகாரி எல்லாவற்றையும் முதலிலிருந்துதான் கற்றுக்கொள்வார், அதுவும் அடுத்த புயலில்.

ஒடிஷா இதில் நம்மைவிட முன்னால் போய்விட்டது. 1999 சூப்பர் புயலில் அங்கே ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். அதே ஆண்டிலேயே பேரிடருக்கென்று தனி ஆணையம் அமைத்தார்கள், 2001இல் சொந்தமாக விரைவுப் படை. 2013இல் பைலின் புயல் வந்தபோது சுமார் பத்து லட்சம் பேரை வெளியேற்றினார்கள். உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. புயல் பாதுகாப்பு மையங்களை ஊர்க்குழுக்களிடமே ஒப்படைத்து, உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தது இதில் பெரிய காரணம்.

சரி, அப்படியென்றால் நமக்கும் இதற்கென்று தனிப் பணித்தொகுதி வேண்டுமா? பல நண்பர்கள் அப்படிச் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஆட்சியர் சொன்னால் காவல்துறையும் மின்வாரியமும் நெடுஞ்சாலைத் துறையும் ஓடி வரும். தனித்துறை அதிகாரி ஃபோன் செய்தால் ‘பார்க்கலாம் சார்’ என்பார்கள். அதிகாரம் இருக்கும் இடத்தில்தான் பொறுப்பும் இருக்க வேண்டும். அதே துறைக்குள் இந்த வேலையில் வளர ஓர் ஏணி இருந்தால் போதும். பேரிடர் வட்டாட்சியரை மூன்று ஆண்டாவது அசைக்காமல் வைத்திருங்கள். கடலோர வட்டங்களுக்கு ஆள் போடும்போது களம் பார்த்தவருக்கு முன்னுரிமை கொடுங்கள். பக்கத்து மாவட்டத்தில் புயல் அடிக்கும்போது நம் இளம் துணை ஆட்சியர்களை அங்கே அனுப்பி, அனுபவமுள்ள அதிகாரியின் பக்கத்தில் சும்மா நின்று பார்க்கச் சொல்லுங்கள். கண்காணிப்பு அலுவலராக வரும் மூத்தவர், திரும்பிப் போகும்போது தன் இடத்தில் நிற்கக்கூடிய இரண்டு பேரைக் காட்டிவிட்டுப் போக வேண்டும் என்று கேளுங்கள்.

இதற்கெல்லாம் அரசாணை வேண்டும், நாளாகும், தெரியும். ஆனால் ஒரு காரியத்தை எந்த ஆட்சியரும் இந்த ஆண்டே செய்யலாம். கஜாவின்போது வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் வேலை பார்த்த விஏஓக்கள், கிராம உதவியாளர்கள், லைன்மேன்கள் வரிசையாக ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். செப்டம்பரில் ஒரு நாள் அவர்களைக் கூப்பிட்டு, புதிதாக வந்த வட்டாட்சியர்களுக்கு எதிரில் உட்காரவைத்து, அந்த இரவைப் பற்றிப் பேசவிட்டு, ஒருவர் குறிப்பெடுத்தால் போதும். செலவு என்று பார்த்தால் பஸ் கட்டணமும் மதியச் சாப்பாடும்தான்.