இரண்டு ஜோடி, ஒரு தலைவலி

பழைய ஸ்பீக்கர் ஜோடிகள் இரண்டைக் கூடத்தில் அடுக்கி, எது மேல் என்று கண்டுபிடிக்க உட்கார்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. ஒன்றின் உணர்திறன், அதாவது ஒரே அளவு மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்பது, 84 டெசிபெல், மற்றதற்கு 90. இந்த 6 டெசிபெலை ஈடுகட்ட நான்கு மடங்கு வாட் வேண்டும். அதனால் ஜோடியை மாற்றும்போதெல்லாம் ஒலியளவுக் குமிழையும் திருக வேண்டும். இல்லையென்றால் சத்தமாகப் பாடுவதுதான் காதுக்கு நல்லதாகப் படும். ஒயரைக் கழற்றி மாட்டி, அளவைச் சரிசெய்து நிமிர்வதற்குள் முந்தையது எப்படி ஒலித்தது என்பதே மறந்துவிடுகிறது! அவசரத்தில் ஒருமுறை ஒரு பெட்டிக்கு மட்டும் சிவப்பு, கறுப்பு ஒயர்களை மாற்றிக் கொடுத்துவிட்டு (அப்படிச் செய்தால் இரண்டு பெட்டிகளின் பேஸ் எனும் கனத்த ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்), "இதில் பேஸே இல்லையே" என்று அரைமணி நேரம் விற்றவரைத் திட்டினேன்.

அவரைத் திட்ட வேறு காரணமும் இருக்கத்தான் செய்கிறது. "புதிது மாதிரி" என்றார். கூம்பைச் சுற்றியுள்ள நுரை வளையத்தைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது.

சுவரோரம் தள்ளினால் பேஸ் குமுறுகிறது. முன்னால் இழுத்தால் நடக்க வழியில்லை. "இரண்டும் ஒரே மாதிரிதானே கேட்கிறது?" என்கிறாள் மனைவி, அடுக்களையில் இருந்தபடியே.