அம்மாவை யார் கேட்டோம்?

என் அம்மாவுக்கு 78 வயது. இரண்டு மாதம் கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீடு, இரண்டு மாதம் கிள்ளானில் தம்பி வீடு. இப்படி முறைவைத்துப் பார்த்துக்கொள்கிறோம். பட்டர்வொர்த்தில் இருக்கும் தங்கை கட்டிக்கொடுத்த பெண் என்பதால் கணக்கிலேயே இல்லை. இந்த ஏற்பாட்டை முடிவு செய்த அன்று நானும் தம்பியும் கூடத்தில் உட்கார்ந்து பேசினோம். அம்மா அடுப்படியில் இருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

அந்த அடுப்படி மறுபடி நினைவுக்கு வந்ததற்குக் காரணம், ஜில் சூட்டர், கார்ல் பில்லமர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர்கள் இருவரின் ஆய்வு. 2001இல் பாஸ்டன் வட்டாரத்தில் தொடங்கினார்கள். 65 முதல் 75 வயது வரையிலான, 500க்கும் மேற்பட்ட தாய்மார்களிடம் அவர்கள் கேட்டவற்றில் ஒன்று: நீங்கள் படுத்துவிட்டால் எந்தப் பிள்ளை உங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?

நம் வீட்டில் இதைக் கேட்டால் 'எனக்கு எல்லாப் பிள்ளையும் ஒன்றுதான்' என்று பதில் வரும். அங்கோ பெரும்பாலான தாய்மார்கள் ஒரு பிள்ளையைக் கைகாட்டினார்கள். மகள்களே அதிகம், கூடவே தன் மனப்போக்கோடு ஒத்துப்போகிற பிள்ளை. ஏறத்தாழ ஏழாண்டுகள் கழித்து அதே தாய்மார்களிடம் திரும்பிப் போனார்கள். உதவி தேவைப்பட்ட தாய்மார்களில், தாம் விரும்பிய பிள்ளையின் கையால் பராமரிப்புப் பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. அம்மாவுக்கு யார்மீது பிரியம் அதிகம் என்று பிள்ளைகளையும் கேட்டிருக்கிறார்கள். பலர் ஆளை மாற்றிச் சொன்னார்கள். இதைப் படித்து நான் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கேள்வி பெற்ற பிள்ளைகளைப் பற்றியது. நம்மிடையே 'மகன் பார்த்துக்கொள்கிறான்' என்றால் மருமகள் பார்த்துக்கொள்கிறாள் என்று பொருள். அம்மாவுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு). இரவில் அவருடைய பாத விரல் இடுக்குகளைக் கைவிளக்கு அடித்துப் பார்த்து, துடைத்து, புண் இருக்கிறதா என்று தேடுவது என் மனைவி. ஊரார் பாராட்டு எனக்கு. பெற்றோரின் மருத்துவச் செலவுக்கான 8,000 ரிங்கிட் வரையிலான வருமானவரிக் கழிவும் என் பெயரில்தான். ஈப்போவில் இருக்கும் என் மாமியாரின் காலை வேறொரு மருமகள் துடைக்கிறாள். இதை யார் ஆராய்வது?

போன வாரம் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, ஆய்வு என்றெல்லாம் சொல்லாமல், நேராகக் கேட்டேன். காம்பை உருவிக்கொண்டே இருந்தார். 'எல்லாரும் ஒன்றுதானப்பா' என்றார், எதிர்பார்த்தபடியே. நான் எழுந்திருக்கவில்லை. முறத்தில் பாதிக் கீரை சேர்ந்த பிறகு, 'சின்னவள்' என்றார். ஏன் என்றேன். 'அவள் தலை வாரினால் வலிக்காது.'

வேறு எந்தக் காரணமும் சொல்லவில்லை. பிறகு அவசரமாக, 'உன் பெண்டாட்டியிடம் சொல்லிவிடாதே, நல்ல பெண், மனசு கஷ்டப்படும்' என்றார். 55 வயதில் ஈபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து இந்த வீட்டுக்கு முன்பணம் கட்ட என்னிடம் கொடுத்தவர், தான் எங்கே இருக்க விரும்புகிறார் என்பதைத் திருட்டுத்தனம் போலச் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது.

தங்கை பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை செய்கிறாள். அவள் வீடு நான்காவது மாடி, லிப்ட் இல்லை. விருப்பத்தைக் கேட்டால் அதை நிறைவேற்ற வேண்டிவரும் என்ற பயத்தில்தான் நாம் கேட்பதில்லை என்று நினைக்கிறேன். ஆனால் முழுவதும் முடியாவிட்டாலும் கொஞ்சம் முடியும். இரவு ஷிப்டு இல்லாத வாரங்களில் அம்மா அங்கே. படி ஏற்றிவிட நான் கூடப் போகிறேன். செலவில் என் பங்கும் தம்பி பங்கும் தங்கைக்குப் போக வேண்டும்.

அம்மா சொல்லாதே என்றதையும் மீறி மனைவியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'எனக்கும் என் அம்மாவைப் போய்ப் பார்க்க ஒரு வாரம் கிடைக்கும்' என்றாள்.

வெள்ளிக்கிழமை ரயிலுக்கு பட்டர்வொர்த் வரை இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன். அம்மா மைலோ டின்னில் முறுக்கை நிரப்பிவிட்டார், கோடாரித் தைலம் பைக்குள் போய்விட்டது. தம்பிதான் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாக வாய் திறக்கவில்லை.