ஒலிப்பதிவில் கேட்ட என் குரல்

"உளசமூக ஆலோசனையில் முதுநிலைப் படிப்பு சேரலாமென்று இருக்கிறேன், எந்தப் பாடத்திட்டம் நல்லது?" என்று மாதம் ஒருவராவது இன்பாக்ஸில் கேட்கிறார்கள். பாடத்திட்டத்தை நான் பெரிதாகப் பார்ப்பதில்லை. ஃப்ராய்ட், ரோஜர்ஸ் போன்ற உளவியல் முன்னோடிகள் எல்லாவற்றிலும் இருப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் ஒருவரோடு பேசியதை எத்தனை மணி நேரம் உங்கள் ஆசிரியர் உட்கார்ந்து கேட்பார்?

படிக்கும்போது என் முதல் ஒலிப்பதிவை மேற்பார்வையாளரிடம் கொண்டுபோனேன். தூக்கம் வரவில்லை என்று வந்த ஒருவர். (அனுமதி வாங்கித்தான் பதிவு செய்தேன். அடையாளங்களை இங்கே மாற்றியிருக்கிறேன்.) நன்றாகவே பேசியிருப்பதாக எனக்கு நினைப்பு. ஆறாவது நிமிடத்தில் நிறுத்தினார்.

"அவர் அழத் தொடங்கியதும் ஏன் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டீர்கள்?"

"அக்கறையில்தான்."

"யார் மேல்?"

பதில் சொல்ல முடியவில்லை. அந்த அழுகையைத் தாங்க முடியாமல் தவித்தது நான்தான். மறுபடி ஓடவிட்டுக் கேட்டபோது இன்னொன்றும் காதில் விழுந்தது. தம்பிக்காகக் கையெழுத்துப் போட்ட கடனைப் பற்றி அவர் இரண்டு முறை சொல்ல வந்திருக்கிறார். இரண்டு முறையும் நான் குறுக்கே புகுந்து, எத்தனை மணிக்குப் படுப்பீர்கள், படுக்கையில் மொபைல் பார்ப்பீர்களா என்று தூக்கத்துக்கே இழுத்து வந்திருக்கிறேன். உளசமூகம் என்ற சொல்லைப் பரீட்சையில் பத்து முறை எழுதியவன்தான்! அதில் பாதி சமூகம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

பேரிடர்க் கால உளசமூக ஆதரவுக்காக ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்த ஐஏஎஸ்சி என்ற குழு 2007-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு பிரமிடு உண்டு. அடித்தளத்தில் அடிப்படைத் தேவைகளும் பாதுகாப்பும். அதற்கு மேல் குடும்பமும் சமூகமும் தரும் துணை. நிபுணரின் சிகிச்சை உச்சியில், சிலருக்கு மட்டும். நம் வகுப்பறைகள் பல நேரம் உச்சியிலிருந்தே தொடங்குகின்றன. கடன்காரன் வாசலில் நிற்கும்போது மூச்சுப் பயிற்சி எதற்கு ஆகும்?

ஒலிப்பதிவு ஒன்றும் புதுமையில்லை. கார்ல் ரோஜர்ஸ் 1942-லேயே, இசைத்தட்டில் பதிவு செய்த எட்டுச் சந்திப்புகளைச் சொல்லுக்குச் சொல் தன் நூலில் அச்சிட்டார். ஆலோசகர் சொதப்பும் இடங்களும் வெளியே தெரியட்டும் என்கிற அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். அமெரிக்காவில் ஆலோசனைப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு கேக்ரெப். அதன் அங்கீகாரம் உள்ள முதுநிலைப் படிப்புகளில் 100 மணி நேர ஆரம்பப் பயிற்சி, அப்புறம் 600 மணி நேரக் களப்பயிற்சி. அந்த 600-இல் 240 மணி நேரமாவது நேரடியாக மக்களோடு, அதுவும் மேற்பார்வையோடு. இந்த எண்ணிக்கை போதுமா என்பது தனிச் சண்டை. எண்ணிக்கையே இல்லாத படிப்பைப் பற்றித்தான் என் கவலை.

சரி, சேரப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் ஒரு போன் போடுங்கள். மேற்பார்வையாளர் யார், ஒருவருக்கு எத்தனை மாணவர்கள், பதிவைக் கேட்பாரா அல்லது அறிக்கையில் கையெழுத்து மட்டும் போடுவாரா என்று கேளுங்கள். "களப்பயிற்சி இடத்தை நீங்களே பார்த்துக்கொள்ளலாம், சான்றிதழ் மட்டும் கொண்டுவாருங்கள்" என்று பதில் வந்தால், நன்றி சொல்லிப் போனை வைத்துவிடுங்கள்.