பாரியின் கதையை முடிக்க விட்டிருக்கலாம்

ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் நடந்தது இங்கே பலருக்கும் தெரியும். பிள்ளைகளுக்குக் கொரியாவின் பாரி இளவரசி கதையைச் சொல்லிக்கொண்டிருந்த என்னை ஒரு ஐயா நடுவில் நிறுத்தி, அதெல்லாம் நம் தமிழ்க் கதைதான் என்று பேசினார். அந்த ஒன்றரை நிமிட வீடியோவை எனக்கே பதினோரு பேர் அனுப்பிவிட்டார்கள். அதனால் எந்த நூலகம், யார் அந்த ஐயா என்றெல்லாம் மறுபடி எழுதவில்லை. வயதில் பெரியவர், பெயரை இழுக்கும் எண்ணம் இல்லை. ஆனால் மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை. சொல்லிவிட்டால்தான் மனசு ஆறும் போலிருக்கிறது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அது கொரியர்களுடைய கதை. முதலில் முழுசாகக் கேளுங்கள்.

வீடியோவில் வராத பகுதியைச் சொல்கிறேன். இருபத்தைந்து பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள், பெரியவர்கள் பின்னால் நாற்காலியில். நான் பாரி இளவரசியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓகு என்று ஒரு ராஜா. இந்த வருஷம் கல்யாணம் செய்தால் ஏழும் பெண்ணாகப் பிறக்கும், ஒரு வருஷம் பொறு என்று குறி சொல்கிறார்கள். அவர் பொறுக்கவில்லை. வரிசையாக ஆறு பெண்கள். ஏழாவதும் பெண் என்றதும் பெட்டியில் வைத்துத் தண்ணீரில் விட்டுவிடச் சொல்கிறார். ஒரு ஏழைக் கிழவனும் கிழவியும் எடுத்து வளர்க்கிறார்கள். பதினைந்து வருஷம் கழித்து ராஜாவும் ராணியும் சாகக் கிடக்கிறார்கள். மறு உலகத்து மருந்துத் தண்ணீர் ஒன்றுதான் காப்பாற்றும். அரண்மனையிலேயே வளர்ந்த ஆறு பேரும் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். 'பின்கட்டுத் தோட்டத்தில் பூப் பார்க்கப் போனாலே எனக்குத் திசை தெரியாது, அவ்வளவு தூரம் எப்படிப் போவேன்' என்கிறாள் ஒருத்தி. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். தூக்கியெறியப்பட்டவள்தான் கிளம்புகிறாள், ஆண் வேஷம் போட்டு, இரும்புச் செருப்பு மாட்டி, இரும்புத் தடி ஊன்றி.

மறு உலகத்தில் அந்தத் தண்ணீருக்குக் காவலாக ஒருவன் நிற்கிறான். சும்மா தரமாட்டேன் என்கிறான். மூன்று வருஷம் தண்ணீர் இறை, மூன்று வருஷம் அடுப்பு எரி, மூன்று வருஷம் விறகு வெட்டு. ஒன்பது வருஷம். அது முடிந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு ஏழு பையன்களைப் பெற்றுக் கொடு என்கிறான். அதையும் செய்கிறாள். அப்புறம் தண்ணீர் எங்கே என்று கேட்கிறாள். அவன் வாயைத் திறக்கிறான்...

அங்கேதான் அந்த ஐயா எழுந்தார். "அம்மா, கொஞ்சம் நிறுத்துங்க. பாரி யாருன்னு இந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னீங்களா? முல்லைக்குத் தேர் கொடுத்த நம்ம பாரி!" அங்கிருந்து, கொரியாவின் பழைய ராணி ஒருத்தி கன்னியாகுமரிப் பக்கத்து ஆய் நாட்டிலிருந்து போன செம்பவளம் என்ற தமிழ்ப் பெண்தான், அங்கே இருக்கும் இரட்டை மீன் நம் மீன்தான், அம்மா அப்பா என்ற சொல்லும் நம்முடையதுதான் என்று போனார். ஏற்பாடு செய்தவர்கள் மைக்கை என் கையிலிருந்து வாங்கி அவரிடம் கொடுத்தார்கள். இருபது நிமிஷம். பாயில் இருந்த பிள்ளைகள் நெளிய ஆரம்பித்தார்கள். நேரம் முடிந்தது என்றார்கள். வடை கொடுத்தார்கள். கதை நின்ற இடத்திலேயே நின்றது.

கொரிய மொழியில் 'பொரிதா' என்றால் எறிந்துவிடுவது. பாரி, பாரிதேகி என்றால் எறியப்பட்ட பிள்ளை என்று அங்கே பொருள் சொல்வார்கள். அந்தப் பெயருக்குள்தான் கதையின் வலி மொத்தமும் இருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டுப் பறம்பு மலையை வைத்தால் அந்தப் பெண்ணுக்கு என்ன மிஞ்சும்? வள்ளல் பாரி மேல் எனக்கும் உயிர். புறநானூற்றில் அவன் மகளிர் 'அற்றைத் திங்கள்' என்று பாடுவதைப் படித்துவிட்டு அழுதிருக்கிறேன். அவனுக்கு அவன் கதை இருக்கிறது. இவளுக்கு இவள் கதை மட்டும்தான் இருக்கிறது.

சரி, செம்பவளத்துக்கு வருகிறேன். இதைப் பேசாமல் விட்டால் பயந்து ஒதுங்கிவிட்டாள் என்பார்கள்.

செம்பவளம் என்று நாம் சொல்லும் அந்தக் கொரிய ராணியின் கதை வரும் பழைய கொரிய நூல் 'சம்குக் யுசா'. இர்யோன் என்ற புத்தத் துறவி 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொகுத்தது. அவள் கணவன் சூரோ ராஜா ஆண்ட கராக் நாட்டைப் பற்றி 11ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு பழைய பதிவிலிருந்து அவர் இதை எடுத்திருக்கிறார். ராணி கடல் வழியாக வந்திறங்கியதாகச் சொல்லப்படுவது கி.பி. 48. நடந்ததாகச் சொல்வதற்கும் எழுதியதற்கும் நடுவில் ஆயிரம் வருஷம். அவள் பெயர் அதில் ஹோ ஹ்வாங்-ஓக். நாடு ஆயுத்தா. வயது பதினாறு. செம்பவளம் என்ற பெயர் அந்த நூலில் இல்லை, நாம் பின்னால் வைத்தது. ஆயுத்தா எங்கே என்பதற்கும் மேற்குத் திசை நாடு என்பதைத் தாண்டி அதில் தெளிவு கிடையாது. அயோத்தி என்று வடக்கே சொல்கிறார்கள், அங்கே அவளுக்கு நினைவிடமே இருக்கிறது. கன்னியாகுமரி என்று நாம் சொல்கிறோம். புத்த சமயம் பரவிய பிறகு அந்தப் பெயர் கதைக்குள் வந்திருக்கலாம் என்று கொரிய வரலாற்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். எனக்கு இது முடிந்த வழக்காகத் தெரியவில்லை. முடிந்த வழக்கு மாதிரி பிள்ளைகளிடம் சொல்வதைத்தான் தாங்க முடியவில்லை.

நான் கொரியாவில் பூசான் நகரத்தில் படித்தேன். அந்த ராஜா ராணி கல்லறைகள் இருக்கும் கிம்ஹே ஊர் அங்கிருந்து பக்கத்தில்தான். பலமுறை போயிருக்கிறேன். சூரோ ராஜா கல்லறை வாசலில் இரண்டு மீன்கள் எதிரெதிராகப் பார்த்தபடி வரைந்திருக்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது, மறைக்கவில்லை. உடனே போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். ராணி கல்லறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபத்துக்குள் பாசா கல் கோபுரம் இருக்கிறது. லேசாகச் சிவப்போடிய கற்கள், மூலை மழுங்கி, ஒன்றன்மேல் ஒன்று கோணல்மாணலாக. கடல் கொந்தளிப்பை அடக்க அவள் கப்பலில் ஏற்றி வந்த கல் என்று கதை. நான் நின்றுகொண்டிருந்தபோது ஒரு பாட்டி வந்து, கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பு வளைய வணங்கினார். எந்த ஊர் ராணி என்று அவர் யாரையும் கேட்கவில்லை. அவருக்கு அவள் குலத்தாய். கிம்ஹே கிம், கிம்ஹே ஹோ வம்சத்தார் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ஒரே தாய் வழி என்பதால் தங்களுக்குள் பெண் கொடுத்து எடுக்காமல் இருந்தவர்கள். அவளை அத்தனை காலம் தாயாக வைத்திருந்தவர்கள் அவர்கள். நமக்குச் செய்தி வந்து எத்தனை வருஷம்?

அந்தக் கதையிலேயே எவ்வளவு இருக்கிறது தெரியுமா? கரை இறங்கியதும் அவள் செய்த முதல் காரியம், தான் உடுத்தியிருந்த பட்டுக் காற்சட்டையைக் கழற்றி அந்த மலையின் தெய்வத்துக்குக் காணிக்கையாக வைத்தது. ராஜாவைப் பார்ப்பதற்கு முன்னால். புது மண்ணில் கால் வைக்கும் ஒரு பதினாறு வயசுப் பெண் அந்த மண்ணின் சாமிக்கு முதலில் மரியாதை செய்கிறாள். செம்பவளம் பற்றி எனக்கு வந்த அத்தனை ஃபார்வர்டுகளில் ஒன்றிலாவது இது இருந்ததா? இல்லை. ஊர்ப் பெயர் மட்டும் போதும் நமக்கு.

'அம்மா, அப்பா இரண்டு மொழியிலும் ஒன்றுதானே' என்று கமெண்டில் நாற்பது பேர். கொரியாவில் ஓம்மா, ஆப்பா. சீனத்திலும் மாமா, பாபாதான். பிள்ளை வாய் திறந்து மூடினால் வரும் சத்தம் அது. ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். இன்றைக்கு மொழியியலாளர்கள் இரண்டையும் ஒரே குடும்பமாக ஏற்பதில்லை. இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச எனக்குத் தெம்பு இல்லை.

'கொரியர்களே இந்தியத் தொடர்பை ஒத்துக்கொள்கிறார்களே, 2018-ல் அவர்கள் அதிபரின் மனைவி அயோத்திக்கே வந்தாரே' என்கிறார்கள். வந்தார், உண்மைதான். அவர்களுடைய ராணியை அவர்கள் எங்கே தேடிப் போனாலும் அது அவர்கள் உரிமை.

ஆனால் ஒருவர் எழுதியதுதான் நெஞ்சில் நிற்கிறது. 'கொரியாக்காரன் சம்பளம் வாங்குகிறவள் அப்படித்தான் பேசுவாள்.' ஒன்பது வருஷமாக ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கொரியத் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கிறேன். லைன் நின்றுபோனால் அவர்கள் கத்துவதையும் நம்மவர்கள் முணுமுணுப்பதையும் நடுவில் நின்று வாங்கி, இரண்டு பக்கமும் காயம் படாமல் மாற்றிச் சொல்வதுதான் என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை கதைக்கு எனக்கு ஐந்து பைசா வராது. படங்களைக் கலர் பிரிண்ட் எடுப்பது என் காசு. பஸ் என் காசு. இந்தப் பிள்ளைகளுக்கு வேறொரு ஊரின் கதை தெரியட்டும் என்று போகிறேன். தமிழ்ப் பற்று இல்லாதவள் தமிழில் கதை சொல்ல எதற்கு இத்தனை தூரம் வருகிறாள் என்று ஒருத்தராவது கேட்டிருக்கலாம்.

தொக்கேபி கதை சொன்ன அன்று இன்னொன்று நடந்தது. தொக்கேபி என்பது கொரியக் குறளி. பழைய விளக்குமாறிலும் உலக்கையிலும் ரத்தக்கறை பட்டால் அது தொக்கேபி ஆகும். வழியில் போகிறவனை மல்யுத்தத்துக்குக் கூப்பிடும். நான் இணையத்தில் கிடைத்த கொம்பு முளைத்த படத்தை எடுத்து வைத்திருந்தேன். தொழிற்சாலையில் ஒரு கொரியப் பொறியாளர் அதைப் பார்த்துவிட்டு, "இது ஜப்பானியப் பூதம், எங்களுடையதற்குக் கொம்பு கிடையாது" என்று மெதுவாகச் சொன்னார். 1910 முதல் 1945 வரை ஜப்பான் ஆட்சி. அந்தக் காலப் பள்ளிப் பாடப்புத்தகம் வழியாகத்தான் கொம்பும் முள்ளுத் தடியும் வந்து ஒட்டிக்கொண்டன என்று அங்கே ரொம்பப் பேர் சொல்கிறார்கள். குறளியின் கொம்புக்கே அவர்களுக்கு மனசு நோகிறது. தங்கள் கதையில் அடுத்தவன் கை பட்ட வலி தெரிந்தவர்கள் அவர்கள். நமக்குத் தெரியாதா அந்த வலி? நம் கதையை ஒருவன் எடுத்து எங்கள் ஊரில் நடந்தது என்றால் எப்படிக் கொதிக்கிறோம்?

அவர்களிடம் கதைக்கா பஞ்சம்? பூண்டும் மாசிப்பத்திரி போன்ற ஒரு தழையும் மட்டும் தின்று, வெயில் படாமல் குகையில் கிடந்து பெண்ணாக மாறும் கரடி இருக்கிறது. கூடவே உட்கார்ந்த புலி பொறுக்க முடியாமல் ஓடிவிடும். அந்தக் கரடியின் பிள்ளை தங்குன்தான் முதல் நாட்டை உண்டாக்கியவன், அக்டோபர் 3 அதற்காகவே அங்கே அரசு விடுமுறை. ஜேஜு தீவில் சொல்முன்தே ஹல்மாங் என்ற ராட்சசப் பாட்டி இருக்கிறாள். அவள் பாவாடையில் மண் சுமந்து போகும்போது ஓட்டை வழியாகக் கொட்டியதெல்லாம் குன்றுகள். உள்ளுடுப்பு தைக்க நூறு சிப்பம் துணி கொடுங்கள், தீவிலிருந்து பெருநிலத்துக்குப் பாலம் போட்டுத் தருகிறேன் என்கிறாள். ஊரே சேர்ந்து தேடியும் தொண்ணூற்றொன்பதுதான் தேறுகிறது. பாலம் பாதியில் நின்றுவிட்டது. ஏழைத் தீவின் ஏக்கத்தை இதைவிட எப்படிச் சொல்வது? இதில் எங்கே போய் ஆய் நாட்டைத் தேடுவது?

'நீ மட்டும் அதில் உன்னைப் பார்க்கவில்லையா' என்று ஒரு தோழி இன்பாக்ஸில் கேட்டாள். பார்த்தேன்.

பாரியின் பாட்டை முதல் தடவை கேட்டது பூசானுக்கு வடக்கே ஒரு மீன்பிடி ஊரில். கடலில் போனவர்களுக்காகச் செய்யும் ஓகு-குத் சடங்கு. என் வீட்டுக்காரப் பாட்டி கூட்டிக்கொண்டு போனார். சாமியாடிப் பெண்ணை முதாங் என்பார்கள். உடுக்கை போல் நடு இடுங்கிய, ஆனால் கைக்கு அடங்காத பெரிய மேளம், ஒரு வெண்கலத் தட்டு. மணிக்கணக்கில் பாடுகிறார். எனக்கு அப்போது பாதி மொழி புரியாது. ஏழாவது பெண்ணை எறியும் இடம் வந்ததும் சுற்றி இருந்த கிழவிகள் எல்லாரும் முந்தானை இல்லாததால் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்கள். வீட்டுக்காரப் பாட்டி என் காதில், "எறிஞ்சுட்டாங்க, பொண்ணுன்னு எறிஞ்சுட்டாங்க" என்று சின்னச் சின்ன வார்த்தையாகச் சொன்னார்.

எனக்கு என் அத்தை ஞாபகம் வந்தது. ஐந்தாவது பெண். தாத்தா வைத்த பெயர் போதும்பொண்ணு. ரேஷன் கார்டில், வோட்டர் ஐடியில், கல்யாணப் பத்திரிகையில், எல்லாவற்றிலும் அதே பெயர். தாத்தா பக்கவாதத்தில் விழுந்த நான்கு வருஷம் மூத்தவர்கள் யாருக்கும் வசதிப்படவில்லை. அத்தைதான் பீ மூத்திரம் அள்ளினார். கடைசி நாளில் வாயில் தண்ணீர் விட்டதும் அவர்தான். அந்தக் கடற்கரையில் மண்ணில் உட்கார்ந்து நான் அழுதது அத்தைக்காக.

அதற்காகப் பாரி உசிலம்பட்டியில் பிறந்தாள் என்று நான் சொன்னேனா? அவள் அங்கே பிறந்தவளாக இருந்ததால்தான் என் அத்தையை எனக்குக் காட்ட முடிந்தது. உலகத்தில் வேறெங்கோ யாரோ ஒருத்தி இதையே பட்டிருக்கிறாள், அதைப் பாட்டாக்கி ஊர்கூடிப் பாடுகிறார்கள் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல். அவளும் நம் வீட்டுப் பெண்தான் என்று ஆக்கிவிட்டால் அந்த ஆறுதல் போய்விடும். மறுபடி நாம் மட்டும்தான். இதைத்தான் அன்றைக்கு மைக்கில் சொல்ல நினைத்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது. வீடியோவில் நான் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்து 'பதில் சொல்லத் தெரியாமல் நிற்கிறாள்' என்று போட்டிருக்கிறார்கள்.

வெளியே பஸ்ஸுக்கு நடக்கும்போது ஒரு சின்னப் பெண் பின்னாலேயே ஓடி வந்தாள். ஏழெட்டு வயசு இருக்கும், கையில் பாதி வடை. "அக்கா, தண்ணி கெடைச்சுதா?"

சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக உட்கார்ந்து சொன்னேன். காவல்காரன் சொல்கிறான்: 'நீ தினமும் இறைத்தாயே, அதுதான் மருந்துத் தண்ணீர். நீ தினமும் வெட்டினாயே, அந்தச் செடிகளின் பூதான் எலும்பையும் சதையையும் மூச்சையும் திருப்பிக் கொடுக்கும்.' பாரி அள்ளிக்கொண்டு ஓடி வருகிறாள். எதிரே அப்பா அம்மா பாடை வருகிறது. நிறுத்தச் சொல்லிப் பூவை வைக்கிறாள், தண்ணீரை ஊற்றுகிறாள். எழுந்து உட்கார்கிறார்கள். பாதி ராஜ்ஜியம் தருகிறேன் என்கிறார் ராஜா. வேண்டாம், செத்தவர்களுக்கு வழி காட்டும் வேலையைக் கொடுங்கள் என்கிறாள்.

அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஒம்பது வருஷமா அவகிட்டயே இருந்துச்சா அந்தத் தண்ணி?" என்றாள்.

ஆமாம் என்றேன். அவள் அம்மா கேட்டிலிருந்து கூப்பிட்டார், வடையைத் தின்றுகொண்டே ஓடிவிட்டாள்.