ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணி டியூஷனும் ஆற்றங்கரை ஊர்ப் பிள்ளைகளும்

பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை விடிவதைப் பார்க்கவே தனியாக எழுந்திரிக்கலாம். முருகன்குறிச்சியில் 1826-லிருந்து நிற்கிற ஊசிக்கோபுரச் சர்ச்சுக்கு வெள்ளைச் சேலையும் பைபிளுமாகப் பாட்டிமார் நடந்து போவார்கள். மகாராஜநகர் உழவர் சந்தையில் கீரைக்கட்டுக்குப் பேரம் நடக்கும். கறிக்கடையில், "எலும்பும் கறியுமா முக்காக் கிலோ போடுங்க அண்ணாச்சி" என்று குரல் கேட்கும்.

அதே நேரத்தில் இன்னொரு கூட்டமும் தெருவில் போகிறது. முதுகில் பை, தூக்கம் தெளியாத முகம். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகள். ஆறரை மணி டியூஷன். போன மாதம் வரை என் மகனும் அதில் ஒருத்தன்.

சேரன்மகாதேவியில் ஒரு காரியத்துக்குப் போயிருந்தோம். எல்லாரும் தாமிரபரணி ஆற்றில் முங்கி எழுந்தோம். அவன் மட்டும் கடைசிப் படியிலேயே நின்றான். "வாலே" என்றேன். "எனக்கு நீச்சல் தெரியாதுல்லாப்பா" என்றான். வயது பதினைந்து. வீட்டிலிருந்து ஆறு கூப்பிடு தூரம். தப்பு முழுக்க என் பேரில்தான்.

எனக்கு எங்க அப்பா நீச்சல் சொல்லிக்கொடுத்தது குறுக்குத்துறையில். வெள்ளன எழுப்பி, தலையில் நல்லெண்ணெய் வைத்து, சைக்கிள் கேரியரில் உட்கார்த்திக் கூட்டிப் போவார். மட்டை உரிக்காத ரெண்டு நெத்துத் தேங்காயைக் கயிற்றில் பிணைத்து நெஞ்சுக்கு அடியில் கொடுப்பார். முதல் ரெண்டு வாரம் தண்ணிதான் குடித்தேன். பிறகு ஒரு நாள் தேங்காய் தன்பாட்டுக்கு மிதந்து போயிருக்கிறது, நான் கவனிக்கவே இல்லை. முருகன் கோயில் சுவரைக் காட்டி, "ஆத்துக்குள்ள நிக்கிற கோயில்லா, வெள்ளத்தக் கிழிக்கத்தான் படகு மூக்கு மாதிரி கெட்டிருக்கான்" என்பார். எங்கே சுழி, எங்கே பாசி, தண்ணி கலங்கினால் மலையில் மழை என்பதெல்லாம் இடுப்பளவு தண்ணீரில் நின்று படித்த பாடம். அக்காவை மட்டும் அவர் ஒரு நாளும் கூட்டிப் போகவில்லை. அந்த வருத்தம் அவளுக்கு இன்னும் இருக்கிறது.

2023 டிசம்பர் வெள்ளத்தை நாம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. சிந்துபூந்துறைக்குள்ளும் கைலாசபுரத்துக்குள்ளும் ஆறு வந்துவிட்டது. அந்த வேகத்தில் எவனாலும் நீந்த முடியாது, தெரியும். ஆனால் எங்க பெரியப்பா ஆற்றின் சத்தம் மாறியதுமே சாமானை மாடிக்கு ஏற்றச் சொன்னார். அந்தக் காது என் மகனுக்கு எங்கிருந்து வரும்?

டியூஷன் சாரிடம் போய், சனிக்கிழமை சாயங்காலம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், ஞாயிறு காலை மட்டும் வேண்டாம் என்றேன். "பத்தாவதுல இப்படி விட்டா மார்க்கு போயிரும் சார்" என்றார். மார்க் பயம் எனக்கும் உண்டு. காலாண்டில் குறைந்ததை அரையாண்டில் எடுத்துவிடலாம். தண்ணிப் பயம் வயது ஏற ஏற எலும்பில் ஊறிப்போகும்.

"ஆத்துல எங்க இறக்க, சாக்கடைல்லா கலக்கு" என்று தெருவில் கேட்கிறார்கள். நியாயம்தான். வண்ணார்பேட்டை, மீனாட்சிபுரம் பக்கம் நானே பிள்ளையை இறக்க மாட்டேன். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேர்கிற நதி, நம் ஊரைத் தாண்டும்போது படுகிற பாட்டைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஆனால் படித்துறைப் பக்கமே போகாதவனுக்கு அங்கே எந்தக் குழாய் வந்து விழுகிறது என்று எப்படித் தெரியும்? வாராவாரம் பிள்ளையைக் கூட்டிப் போகிற தகப்பன்தான் மாநகராட்சிக்கு மனு எழுதுவான். நான் எழுதியிருக்கிறேன். தெருவில் ஏழு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

இப்போது நாலு வாரமாக, ஊர்ச் சாக்கடை சேர்வதற்கு மேலே, சுத்தமல்லிப் பக்கம் போகிறோம். அணைக்கட்டை ஒட்டி இறங்குவதில்லை. ஆழம் தெரிந்த, மணல் பள்ளம் இல்லாத இடம். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரிய ஆள் கூடவே தண்ணீரில் நிற்கவேண்டும், அதில் விட்டுக்கொடுப்பு கிடையாது. மகன் இன்னும் தேங்காயை விடவில்லை. போன வாரம் முகத்தைத் தண்ணிக்குள் வைத்து பத்து எண்ணினான்.

வருகிற ஞாயிறு அஞ்சரைக்குக் கிளம்புகிறோம். நம்ம தெருக்காரர்கள் வருவதானால் சொல்லுங்கள். பொம்பளப் பிள்ளைகளையும் கட்டாயம் கூட்டி வாங்க, எங்க அக்காவும் வருகிறாள். நெத்துத் தேங்காய் என்னிடம் மூணு சோடி இருக்கிறது.